இரண்டாவது ஃபேஸ்லிஃப்டா, ஃபில்லரா? தொங்கலையும் டொக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

முகத்தை இழுத்துக் கட்டும் அறுவையான ஃபேஸ்லிஃப்ட் முதல் முறை முடிந்து எட்டு, பத்து ஆண்டுகள் ஆனதும் முகம் மறுபடி தளர்வது இயல்பு. அறுவை செய்த முகத்துக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்போது பலரும் முகத்தில் என்ன குறை என்று பார்க்கும் முன்பே, மறுபடி ஃபேஸ்லிஃப்டா, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியா என்று சிகிச்சையை முடிவுசெய்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இந்த அவசரத்திலிருந்து வருபவைதான்.

தொங்கல் வேறு, டொக்கு வேறு. தாடையோரம் சதை இறங்குவதும் கழுத்துத் தோல் தளர்வதும் தொங்கல். கன்னம் டொக்கு விழுவதும், நெற்றிப்பொட்டு குழிவதும், கண்ணுக்குக் கீழே பள்ளமாவதும் கொழுப்பும் எலும்பும் கரைந்ததன் விளைவு. முகக் கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை 2007-இல் ரோரிச், பெஸ்ஸா ஆகியோரின் உடற்கூறு ஆய்வு காட்டியது. எங்கே வற்றியிருக்கிறது என்று இடம் பார்த்து நிரப்ப வேண்டும் என்பதற்கு அடிப்படை அதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைக்கண்ணாடியோடு மல்லாந்து படுத்து முகத்தைப் பாருங்கள். சதை காதுப் பக்கம் சரிந்து தாடைக்கோடு தெளிவாகிவிட்டால் முக்கியக் குறை தொங்கல். படுத்த பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருந்தால் முக்கியக் குறை டொக்கு. இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அதுவே வழக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். இன்னொன்று: கடைவாய்ப் பற்கள் விழுந்திருந்தால் கன்னமும் உதடும் தாங்கலின்றி உள்ளே போகும். பல்செட்டோ இம்பிளான்ட்டோ வைத்த பிறகு முகத்தைப் பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

டொக்கு விழுந்த முகத்தை இழுத்துக் கட்டுவதுதான் மிகக் கெட்ட தவறு. பள்ளம் அப்படியே இருக்கும், அதன் மேல் தோல் மட்டும் விறைக்கும். இரண்டாம் முறை உபரித் தோலும் குறைவு. தோலையே பிடித்து இழுத்தால் வாயோரம் பக்கவாட்டில் நீளும், காதுமடலின் நுனி கன்னத்தோடு ஒட்டிக் கீழிறங்கும், கிருதா மேலே ஏறிவிடும். பாரம் விழ வேண்டியது தோலுக்கு அடியிலுள்ள எஸ்எம்ஏஎஸ் என்னும் தசைப்படலத்தில். மறு அறுவையில் அந்தப் படலம் மெலிந்து வடுவேறியிருக்கலாம். முக நரம்பின் கிளைகள் அதற்கு அடியிலேயே ஓடுகின்றன. அதனால் முதல் அறுவையின் ஆபரேஷன் குறிப்பை வாங்கி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எந்த அடுக்கில் பிரித்தார்கள், எங்கே தையல் போட்டார்கள் என்பது குறிப்பில்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறு, தொங்கலை ஃபில்லரால் தூக்கப் பார்ப்பது. ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மில்லி இருக்கும். ஐந்து சிரிஞ்ச் போட்டாலும் ஒரு தேக்கரண்டிதான். தாடைத் தொங்கலை மறைக்க அதைக் கூட்டிக்கொண்டே போனால் முகம் ஊதி, கனத்து, சிரிக்கும்போது கன்னம் உருண்டையாகத் திரளும். கழுத்துத் தளர்ச்சிக்கு ஃபில்லரால் பயனே இல்லை. ஹயலூரானிக் அமில ஃபில்லர் என்றால் ஹயலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலிலாக்டிக் அமிலம் போன்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. நிரந்தர சிலிக்கான் பக்கமே போக வேண்டாம்.

"ஊசிதானே, ஆபத்தில்லை" என்பதும் சரியல்ல. மருந்து தமனிக்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். புருவ நடுவும் மூக்கும் அதிக ஆபத்தான இடங்கள். முன்பு அறுவை செய்த முகத்தில் வடுவால் அடுக்குகளும் மாறியிருக்கும். ஹயலூரானிடேஸ் கையிருப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊசி போட்டதும் கடும் வலி, தோல் வெளிறல், வலைபோன்ற நீலத்திட்டு, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

வயிறு அல்லது தொடையிலிருந்து சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்புவது நீடிக்கும். ஆனால் வைத்ததில் ஒரு பங்கு கரைந்துவிடும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு தடவைக்கும் 0.1 மில்லி அளவில் தூவினால்தான் ரத்த ஓட்டம் கிடைத்துப் பிழைக்கும். கட்டியாக வைத்தால் முடிச்சாகும். பலனை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். பிழைத்த கொழுப்பு உடல் எடையோடு ஏறும், இறங்கும். செமாக்ளுடைட் போன்ற மருந்தால் எடை குறைத்துக்கொண்டிருந்தால், எடை ஆறு மாதம் நிலையாக நின்ற பிறகு வாருங்கள்.

இரண்டு குறையும் இருந்தால் ஒரே அறுவையில் இழுப்பும் கொழுப்பும் சேர்த்துச் செய்யலாம். பழைய ஃபில்லர் இருந்தால் மறைக்க வேண்டாம்; முன்கூட்டிக் கரைக்க வேண்டியிருக்கலாம். முதல் அறுவை முடிந்து ஓராண்டு ஆகாமல் மறு அறுவைக்கு அவசரப்படவும் வேண்டாம்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். நிகோட்டின் சூயிங்கமும் இதில் சேர்த்தி. ரத்தக்குழாய் சுருங்கினால் காதுக்குப் பின்புறத் தோல் கருகும். காது குத்திய இடத்தில் கீலாய்டு எனப்படும் தடித்து வளரும் தழும்பு வந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். நம் நிறத் தோலில் தழும்பு தடிப்பது கூடுதல். இதய ஸ்டென்டுக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அறுவை, ஊசி இரண்டையும் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கருத்துக் கேளுங்கள். ஊசி மட்டும் போடும் இடத்தில் பெரும்பாலும் ஊசிதான் பரிந்துரைப்பார்கள். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கைகொடுக்காது. ஃபில்லர் திரும்பத் திரும்பப் போட வேண்டியது என்பதால் ஐந்தாண்டுச் செலவைக் கூட்டி ஒப்பிடுங்கள்.

ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கல் ரத்தக்கட்டு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலி ஏறினால் நள்ளிரவானாலும் மருத்துவரை அழையுங்கள்.