பழைய செமி ஹாலோ பேஸ் கிட்டாரில் கரகரப்பு போன கதை

ஈரோட்டில் ஒரு அண்ணன் விற்ற பழைய செமி ஹாலோ, அதாவது உடலின் உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும், பேஸ் கிட்டாரை ஆசையாக வாங்கி வந்தேன். கிப்சன் கம்பெனி 1958-இல் கொண்டுவந்த ஈபி-2 என்ற பேஸின் சாயல், உடலுக்கு நடுவே மரக்கட்டை, மேலே எஃப் வடிவத் துளைகள். ஒலி அவ்வளவு இதம். ஆனால் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம், ஒயர் செருகும் ஜாக்கை அசைத்தால் ஒலியே நின்றுவிடும்.

இதில் பின்மூடி கிடையாது, எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, மீன்தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய குழாயை பொட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) தண்டில் இறுக்கமாகச் செருகி, அப்புறம்தான் நட்டைக் கழற்றி உள்ளே இறக்கினேன். குழாயின் மறுமுனை வெளியிலேயே இருந்ததால் திரும்ப இழுத்தால் பொட் தானாகத் துளைக்கு வந்துவிடும். ஜாக்குக்கு நூல் கட்டினேன். இதை மறந்தால் அரைநாள் போய்விடும்.

பொட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருகினேன், கரகரப்பு போய்விட்டது. ஜாக்கில் எர்த் ஒயரின் ஈயப்பற்று விட்டிருந்தது. பழைய ஈயத்தைச் சுரண்டி புதிதாகப் பற்றவைத்தேன். இப்போது ஒயரை எப்படி ஆட்டினாலும் ஒலி அறுவதில்லை.