நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி: கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை

வீட்டில் கழுவிய மூன்று கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்களிலும் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள். பிலிமில் ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) செத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். புதிதாகக் கரைத்து மறுபடி ஊறவைத்தேன், மாற்றமில்லை. யோசித்தால், அந்த உப்பு (வெள்ளி புரோமைட்டு) கரையாமல் மிஞ்சினால் பிலிம் பால்போல மங்குமே தவிர, புள்ளி புள்ளியாக வராது. அடுத்து, கழுவும் நேரத்தை அரை மணியாக்கினேன். அப்போதும் புள்ளி.

நான்கு நாள் இப்படிப் போனது. பிறகுதான் கவனித்தேன்: புள்ளிகள் பெரும்பாலும் மினுங்கும் பின்பக்கத்தில், அதுவும் துளி தேங்கிக் காயும் கீழ் நுனியில்தான் அதிகம். வீணான துண்டொன்றில் வினாகிரி தொட்டு வைத்தேன். புள்ளி கரைந்தது! எங்கள் கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை, வேறென்ன வரும்?

பழைய சுருள்களை நீர்த்த வினாகிரியில் இரண்டு நிமிடம் அலசி, நன்றாகக் கழுவினேன். கடைசி அலசலுக்கு மட்டும் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு போத்தல், அதில் தண்ணீர் துளியாகத் தேங்காமல் வழியச் செய்யும் ஈரமூட்டித் திரவம் இரண்டு துளி. துடைக்காமல் தொங்கவிட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை, அப்பாடா.