விக்டோரியா கால பப்பில் எதைப் பார்க்கத் தவறுகிறோம்?

இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்கள் விக்டோரியா கால பப்புக்குள் நுழைந்ததும் கூரையையும் டைல்ஸையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அந்தக் கட்டடத்தின் உயிர் மரத் தடுப்புகளில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நகரத்து பப் பெரும்பாலும் ஒரே கூடமாக இருந்ததில்லை. கூலித் தொழிலாளிக்கு ஒரு பகுதி, கூடுதல் காசு கொடுக்கும் கனவானுக்கு வேறு பகுதி, தனித்தனி வாசல். லண்டன் மைடா வேலில் உள்ள பிரின்ஸ் ஆல்ஃபிரட் பப்பில் இன்றும் இதைப் பார்க்கலாம். தடுப்புகளில் உள்ள கதவுகள் மிகவும் குட்டையானவை; நன்றாகக் குனிந்தால்தான் அடுத்த பகுதிக்குப் போக முடியும். பார் மேடைமேல் கண் மட்டத்தில், மறுபக்கம் தெரியாத மங்கலான கண்ணாடியில் செய்த, சுழலும் சின்னச் சின்னப் பலகைகள் இருக்கின்றன. அவை வெறும் அலங்காரம் இல்லை. ஊற்றிக் கொடுப்பவரும் எதிர்ப்பக்கம் நிற்பவர்களும் தன் முகத்தைப் பார்க்காதபடி கனவான் மூடிக்கொள்வதற்காக வைத்தவை. ஒரு சமூகமே எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதை அந்த ஒரு சாண் கண்ணாடி சொல்லிவிடுகிறது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள கிரவுன் பப்பில் ஏ முதல் ஜே வரை எழுத்திட்ட பத்துச் சிற்றறைகள் உண்டு. பணியாளை அழைக்க மணி, தீக்குச்சி உரச உலோகத் தகடு எல்லாம் உள்ளேயே இருக்கும். வெளியே நின்று பார்த்தால் போதாது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

அப்புறம், காலக் குழப்பம். லண்டனின் பிளாக் ஃபிரையர் பப் 1875இல் கட்டியது. ஆனால் எல்லோரும் வியக்கும் அதன் பளிங்கும் துறவிச் சிற்பங்களும் 1905 வாக்கில் தொடங்கிய வேலை; விக்டோரியா ராணி 1901லேயே இறந்துவிட்டார். லண்டனின் இன்னொரு பப்பான பிரின்சஸ் லூயிஸில் டைல்ஸ் 1891ஐச் சேர்ந்தவை. தடுப்புகளோ இந்த நூற்றாண்டில் திரும்ப வைத்தவை. அதற்காகப் போலி என்று ஒதுக்குவதும் தவறுதான். என்னைக் கேட்டால், பழைய அமைப்பைப் புரிந்துகொண்டு செய்த அருமையான வேலை அது.

புதுப்பிக்கிறவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு வலிக்கிறது. இடம் தாராளமாகத் தெரியட்டும் என்று தடுப்புகளைப் பிடுங்கிவிடுகிறார்கள். வெளிச்சம் வரட்டும் என்று பூவேலை செய்த மங்கலான ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடி போடுகிறார்கள். உள்ளே குடிப்பவரைத் தெருவில் போகிறவர் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தக் கண்ணாடியே அங்கே வந்தது!