காலுக்கு எந்த ஸ்பானியச் சொல்? அறுகம்குடா வழிகாட்டிகளுக்கு

அலைச்சறுக்குப் பருவத்தில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்கு வரும் ஸ்பானிய மொழிப் பயணிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு லகுகலை, குமண தேசியப் பூங்காக்களுக்குச் செல்லும் நம் வழிகாட்டிகள், விலங்குகளின் பெயர்களை விரைவாகவே மனனம் செய்துவிடுகிறார்கள். உறுப்புகளின் பெயர்களில்தான், அதிலும் காலில்தான், தடுமாற்றம் வருகிறது. தமிழில் மனிதனுக்கும் கால், யானைக்கும் கால், கொக்குக்கும் கால். ஸ்பானியத்தில் அது யாருடைய கால் என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மனிதருடையது என்றால், தொடை தொடங்கிக் கணுக்கால் வரை ‘பியெர்னா’. அதற்குக் கீழே உள்ள பாதம் ‘பியே’. விலங்குடையது என்றால், காலும் பாதமும் சேர்ந்து ‘பாத்தா’, பன்மையில் ‘பாத்தாஸ்’. யானை, சிறுத்தை, முதலை, மயில், நுளம்பு என எதற்கும் இது பொருந்தும், மேசைக்காலும் பாத்தாதான். முன்னங்கால்களைச் சுட்ட ‘தெலந்தேராஸ்’ என்றும், பின்னங்கால்களைச் சுட்ட ‘த்ராசேராஸ்’ என்றும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பாறையில் பாதத்தைக் கிழித்துக்கொண்டு கரையேறும் விருந்தினரிடம், காயத்தைக் காட்டி ‘பாத்தா’ என்று கேட்பதைத் தவிர்க்க வேண்டும். நெருங்கிய நண்பர்களிடையே அது கேலியாகப் போகும், அறிமுகமில்லாதவரிடம் மரியாதைக் குறைவாகப்படும். ஆனால் அவரே ‘மெத்தேர் லா பாத்தா’ என்ற தொடரைத் தம்மைப் பற்றிச் சொன்னால், காலில் என்ன ஆயிற்று என்று பதற வேண்டாம்: ஏதோ காரியத்தைச் சொதப்பிவிட்டேன் என்பதே அதன் பொருள்.

காலின் நுனியைத் தனியாகச் சுட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். மான், எருமை, காட்டுப்பன்றி ஆகியவற்றின் பிளவுபட்ட குளம்பு ‘பெசூஞா’. குதிரையினதும் கழுதையினதும் பிளவில்லாத குளம்பு ‘காஸ்கோ’. (மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர் ‘காஸ்கோ’ கேட்டால், அவருக்குத் தேவை தலைக்கவசம்.) யானைக்கு இவ்விரண்டுமே பொருந்தா, அதன் பாதத்தின் விளிம்பில் தெரிபவை நகங்கள், ஆகவே ‘ஊஞாஸ்’. சிறுத்தை, கழுகு போன்றவற்றின் கூரிய நகங்களையோ அந்நகங்கள் கொண்ட பாதத்தையோ ‘கார்ரா’ என்று சொன்னால், கேட்பவர் மனதில் இரையைப் பற்றும் காட்சியும் சேர்ந்தே எழும். அதே சிறுத்தை மரக்கிளையில் படுத்துக் கால்களைத் தொங்கவிட்டிருக்கும்போது ‘பாத்தாஸ்’ என்பதே இயல்பு. மண்ணில் பதிந்த அடிச்சுவடு, எந்த விலங்கினதாயினும், ‘உவேயா’.

கடலோரத்தில் நண்டின் நடக்கும் கால்கள் பாத்தாஸ், கவ்வும் கால் ‘பின்சா’. கடலாமை துடுப்புப்போல் வீசுவது ‘அலேத்தா’. மீனின் செட்டைக்கும் அதே சொல்.

சமையலறைக்குள் நுழைந்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. ஆட்டுக்கால் உணவுப் பட்டியலில் ‘பியெர்னா’ என்றே எழுதப்படும், விலங்குடையதாயிற்றே என்று மாற்ற வேண்டியதில்லை. கோழிக்காலோ நாட்டுக்கு நாடு மாறுகிறது: அதன் கீழ்த்துண்டை ஸ்பெயின்காரர் ‘மூஸ்லோ’ என்பார், மெக்சிக்கோக்காரர் ‘பியெர்னா’ என்பார், ஆர்ஜென்டினாக்காரர் ‘பாத்தா’ என்பார், பிந்திய இருவருக்கும் மூஸ்லோ என்பது மேல்துண்டு. விருந்தினர் எந்த நாட்டவர் என்று கேட்டுக்கொண்டோ, சட்டியைத் திறந்து துண்டைக் காட்டியோ ஓடரை எடுப்பது நல்லது.