குளியலறைச் சுவரில் ஊரும் சாம்பல் நிறப் பை: பெயரை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பூசணி விதை மாதிரி, சிமெண்டுத் துணுக்கு மாதிரி, குளியலறைச் சுவரிலோ பாம் ஷெல்ட்டர் மூலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். துடைக்கலாம் என்று கையை நீட்டினால் ஒரு முனையிலிருந்து சின்னத் தலை எட்டிப் பார்த்து, பையை இழுத்துக்கொண்டு நகரும். எங்கள் அம்மா இதைச் 'சுண்ணாம்புப் பூச்சி' என்பார். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் பள்ளி வேலைக்காக "இதோட உண்மையான பேர் என்னம்மா?" என்று கேட்டபோது ஐந்து நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு விதமான பெயர்கள் வந்தன. எது சரி என்று பிரித்தெடுக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் என்ன செய்தேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன், நீங்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

படி 1: படம் எடுங்கள், ஆனால் அளவோடு

பூச்சிக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நான் பேருந்து, ரயில் பயணத்துக்கான ஈஸிலிங்க் அட்டையை வைத்துக்கொள்கிறேன், அதன் நீளம் 85.6 மில்லிமீட்டர், எல்லார் பையிலும் இருக்கிறது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. பக்கவாட்டுப் படத்தைத் தவறவிடாதீர்கள், பை தட்டையா உருளையா என்று அதில்தான் தெரியும், அடுத்த படி முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

தொட்டால் புழு உள்ளே போய்விடும். விளக்கைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், தானே வெளியே வரும். பழுப்புத் தலை, அதை அடுத்த மூன்று உடற்கண்டங்களின் மேல் கருமையான தகடுகள், மூன்று ஜோடிக் கால்கள், இவை தெரிந்தால் போதும்.

கருவி என்று பார்த்தால், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். கணினியில் செருகும் மலிவு நுண்ணோக்கி வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, படம் எப்போதும் மங்கல்தான், அதைச் சரிசெய்வதற்குள் புழு நகர்ந்துவிடும். கைலென்ஸைக் கைப்பேசிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாலே அதைவிட நல்ல படம் வருகிறது.

படி 2: குடும்பத்தைப் பிரியுங்கள்

பையோடு திரியும் புழு என்றதும் இணையத்தில் முதலில் வருவது சைக்கிடே குடும்பம். செடிகளில் குச்சியையும் இலைத்துணுக்கையும் ஒட்டி, தொங்கும் பையாகக் கட்டிக்கொள்கிறதே, அது. நம் சுவர்ப் பூச்சி அதுவல்ல. இது டினெயிடே குடும்பம், துணி அரிக்கும் அந்துப்பூச்சிகளின் குடும்பம். இரண்டும் ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருவதால் குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பையைப் பாருங்கள். நம்முடையது தட்டை, நடுவில் அகலம், இரண்டு பக்கமும் குறுகல். நீளம் 8 முதல் 14 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 5. இரண்டு முனையும் திறந்திருக்கும், புழு உள்ளேயே திரும்பி எந்த முனையிலிருந்தும் தலையை நீட்டும். பட்டு நூலில் மணல், தூசு, பஞ்சிழை, எது கிடைக்கிறதோ அதை ஒட்டிக் கட்டியது. இதே குடும்பத்தில் பை சுமக்கும் துணி அந்துப்பூச்சி ஒன்று உண்டு, டினியா பெல்லியோனெல்லா, லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தது. அதன் பையும் இரண்டு பக்கம் திறந்ததுதான், ஆனால் குழாய் மாதிரி உருளையாக, பெரும்பாலும் துணி இழையால் ஆனது. தட்டையா உருளையா என்று கேட்டது இதற்குத்தான்.

தட்டை என்றால் பேரினம் ஃபெரியோயிகா என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். உறுதி செய்ய முழுவளர்ச்சியடைந்த பூச்சி வேண்டும்.

படி 3: வளர்த்துப் பாருங்கள்

தேக்காவில் சாப்பாடு கட்டும்போது சட்னிக்குத் தருகிறார்களே, அந்தச் சின்ன மூடி டப்பா போதும். மூடியில் ஊசியால் துளை போடுங்கள். ஈரம் இல்லாமல் இந்தப் புழு தாங்காது, குளிரூட்டி ஓடும் அறையில் வைக்காதீர்கள். நான் ஒரு மூலையில் நனைத்த பஞ்சு வைத்தேன்.

சாப்பாட்டுக்கு வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடை. இதற்கு மிகவும் பிடித்த உணவு பழைய சிலந்தி வலைதான். செத்த பூச்சி, முடி, கம்பளி எல்லாம் சாப்பிடும். பனாமாவில் இதன் உறவுப் பூச்சியை ஆராய்ந்த ஆனெட் ஐயெல்லோ செத்த கொசுக்களையும் தன் தலைமுடியையும் கொடுத்தே வளர்த்தார், 1979இல் அதை எழுதினார். அதைப் படித்த பிறகு நானும் சீப்பிலிருந்து முடியை எடுத்துப் போட்டேன், என் மகளுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. புழு பையைக் கட்டும் விதமும் பார்க்க வேண்டியது: முதலில் பட்டில் ஒரு வளைவு போடும், அதில் மணலை ஒட்டும், வளைவை வளையமாக்கும், வளையத்தை நீட்டிக் குழாயாக்கும், உள்பக்கம் முழுக்கப் பட்டு மெழுகும். வளர வளர முனைகளில் சேர்த்துக்கொண்டே போகும்.

ஒரு நாள் புழு செங்குத்தாக ஏறி, பையின் இரு முனைகளையும் பட்டால் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதல் முறை நான் அப்படித்தான் செய்தேன், ஒரு மாத வேலை போனது. உள்ளே கூட்டுப்புழு ஆகிறது. ஒட்டுவதற்கு முன்பே ஒரு முனையின் ஓரங்களைக் கத்தரித்துத் தட்டையாக்கி, வெளியே வர வழி செய்து வைத்திருக்கும். எனக்கு இரண்டாம் முறை 17 நாளில் பூச்சி வந்தது, கூட்டுப்புழுவின் காலியான தோல் அந்த முனையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வந்தது சின்னஞ்சிறு சாம்பல் அந்துப்பூச்சி. பெண் பூச்சிக்கு இறக்கை விரித்தால் 10 முதல் 13 மில்லிமீட்டர், முன் இறக்கையில் நான்கு வரை கரும்புள்ளிகள். ஆண் அதைவிடச் சிறியது, புள்ளிகளும் தெளிவாக இருக்காது. தலையில் கலைந்த முடிபோல் செதில்கள் நிற்கும், பின் இறக்கையின் ஓரத்தில் நீளமான மயிர்க்குஞ்சம். பையும் பூச்சியும் சேர்ந்து இருந்தால்தான் ஆதாரம் முழுமை, அதனால் பையைத் தூக்கி எறியாமல் பூச்சியோடு சேர்த்து வையுங்கள்.

படி 4: பெயர்க்குழப்பம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

என் தேடலில் வந்த நான்கு பெயர்கள்: டினியோலா யுட்டெரெல்லா, டினியோலா வால்சிங்காமி, ஃபெரியோயிகா யுட்டெரெல்லா, ஃபெரியோயிகா அல்லுட்டெல்லா. நான்கு பூச்சி என்று நினைத்து, நான்கையும் பிரிக்கும் அடையாளங்களைத் தேடிக்கொண்டே பல வாரம் ஓட்டினேன். உண்மையில் முதல் மூன்றும் ஒரே பூச்சி.

கதை இப்படி. வால்சிங்கம் பிரபு என்ற ஆங்கிலேயர் சிறு அந்துப்பூச்சிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர், பின்னாளில் தன் தொகுப்பை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். அவர் 1897இல் மேற்கிந்தியத் தீவுகளின் பூச்சிகளைப் பற்றி எழுதும்போது இதற்கு டினியோலா யுட்டெரெல்லா என்று பெயர் வைத்தார். 1930களில் ஆகஸ்ட் புஸ்க் என்ற பூச்சியியலாளர் அதே வகைப் பூச்சிக்கு, வால்சிங்கத்தின் நினைவாக, வால்சிங்காமி என்று இன்னொரு பெயர் வைத்தார். பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்குப் பெயரிடலின் விதி, அதனால் யுட்டெரெல்லா நின்றது, வால்சிங்காமி இணைப்பெயர் ஆகிவிட்டது. 1956இல் ஹின்டனும் பிராட்லியும் தட்டைப் பை கட்டும் பூச்சிகளை உண்மையான டினியோலாவிலிருந்து பிரித்து, ஃபெரியோயிகா என்ற புதுப் பேரினத்தை உண்டாக்கினார்கள். டினியோலா என்ற பேரினம் இன்றும் இருக்கிறது, வலை பின்னும் துணி அந்துப்பூச்சி அதில்தான் இருக்கிறது, ஆனால் அது பையைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை.

இதிலிருந்து ஒரு பழக்கம் கற்றுக்கொண்டேன். அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவர் பெயரும் ஆண்டும் வரும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தப் பூச்சி முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு மாற்றப்பட்டது என்று அர்த்தம். ஃபெரியோயிகா யுட்டெரெல்லா (வால்சிங்கம், 1897) என்று பார்த்தவுடனே, இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, பழைய நூல்களில் அந்தப் பெயரில் தேட வேண்டும் என்று புரிந்துவிட வேண்டும். இதை யாராவது எனக்கு முதல் வாரமே சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்.

படி 5: நான்காவது பெயர், அதோடு நிற்க வேண்டிய இடம்

அல்லுட்டெல்லா வேறு பூச்சி. ரெபெல் என்ற பூச்சியியலாளர் 1892இல் கேனரி தீவுகளிலிருந்து வந்ததை வைத்து எழுதியது. ஐயெல்லோ வளர்த்தது இதைத்தான். இலங்கை, இந்தியா, ஜாவா வரை இதற்குப் பதிவுகள் உண்டு. பை கட்டுவது, வலை தின்பது எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் என் ஈசூன் குளியலறையில் இருந்தது யுட்டெரெல்லாவா, அல்லுட்டெல்லாவா?

படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் நெருங்கிய இனங்களைப் பிரிப்பது இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்துத்தான். வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, காரத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டினியா பெல்லியோனெல்லா கூட்டத்தையே ராபின்சன் 1979இல் அப்படித்தான் உலக அளவில் பிரித்து எழுதினார், அதுவரை ஒரே பெயருக்குக் கீழே பல இனங்கள் கலந்து கிடந்தன. அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கையையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.

இன்னொரு வழி டிஎன்ஏ. சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டை ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒப்பிடும் தரவில் இருக்கும் மாதிரிக்கே யாராவது படத்தைப் பார்த்துப் பெயர் போட்டிருந்தால், நமக்கு வரும் பெயரும் அதே தவறுதான்.

அதனால் நான், உயிரினப் படங்களைப் பதிவிட்டுப் பெயர் கண்டுபிடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஃபெரியோயிகா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். செயலி உடனே இனப்பெயரையும் பரிந்துரைக்கும், இன்னொருவர் வந்து ஆமாம் என்றால் அது 'ஆய்வுத் தரம்' ஆகிவிடும். அந்த இருவருமே உறுப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். இனம் தெரியாத பதிவு பின்னால் வரும் ஆய்வாளருக்குப் பயன்படும், தவறான இனம் போட்ட பதிவு அவர் வேலையைக் கெடுக்கும்.

மாதிரியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டு, சிறு குப்பியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது இல்லாவிட்டால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். சாராயத்தில் போடுவதாக இருந்தால் முதலில் படம் எடுத்துவிடுங்கள், இறக்கைச் செதில்கள் அதில் உதிரும். இடம், தேதி, எந்தச் சுவர், என்ன தின்றது, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். பேனா மை சாராயத்தில் கரையும்.

பின்சேர்க்கை 1: தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர், தன் பூச்சியின் பை கூம்பு வடிவத்தில் சுவரிலிருந்து நிமிர்ந்து நிற்கிறது, ஒரு பக்கம்தான் திறப்பு தெரிகிறது என்று எழுதினார். படம் பார்த்தேன், வீட்டுக்குள் அல்ல, தாழ்வாரத்து வெளிச்சுவர், பாசி படிந்த இடம். அது சைக்கிடேதான். அந்தக் குடும்பத்தில் எல்லாமே குச்சி கட்டித் தொங்குவதில்லை, சுவரில் படியும் பாசியையும் லைக்கன்களையும் தின்று மணல் பை கட்டும் சிறியவையும் உண்டு. ஆகவே படி 2இல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கே எடுத்தீர்கள், அங்கே தின்ன என்ன இருக்கிறது?

பின்சேர்க்கை 2: "அந்து என்றால் அரிசியில் வருவதுதானே, அரிசி டின்னைக் கொட்டிவிடவா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அரிசியில் நூல் கட்டுவது கோர்சைரா செஃபலோனிக்கா, பைராலிடே குடும்பம். அது தானியத்தை நூலால் பிணைத்து உள்ளே இருக்கும், பையைச் சுமந்துகொண்டு சுவரில் நடக்காது. நம் பூச்சிக்கு அரிசியில் வேலை இல்லை.

பின்சேர்க்கை 3: கடிக்குமா என்று ஒரு பாட்டி பேரன் மூலம் கேட்டிருந்தார். கடிக்காதுங்க பாட்டி. கம்பளிச் சால்வை இருந்தால் மட்டும் மூடி வையுங்கள். ஒட்டடை அடித்தால் குறைந்துவிடும், மருந்து தெளிக்கத் தேவையில்லை. அடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் டப்பாவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பேரனிடம் கைப்பேசி இருக்கிறதே.