சேலத்தில் நேரடி இசை கேட்கத் தொடங்குவது எப்படி?

"சேலத்துல என்னங்க கச்சேரி, எல்லாம் மெட்ராஸ்லதான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. ஆடி மாதம் அவர்கள் வீட்டுத் தெருமுனையில்தான் பம்பை அதிர்ந்துகொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி பார்ப்பார்கள்.

டிக்கெட் வாங்கிப் போகும் பெரிய மேடைகளை இங்கே விட்டுவிடுவோம். கோயில் முன்மண்டபம், கல்யாண மண்டபம், ஊர்க்களத்தில் விடிய விடிய நடக்கும் கூத்து, ஏதாவதொரு கஃபேயின் மூலையில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் பையன் என்று பக்கத்திலேயே நடப்பதை எப்படிக் கேட்பது, கேட்ட பிறகு அந்தக் கலைஞர்களுக்கு உருப்படியாக என்ன செய்வது என்பதை மட்டும் பார்க்கலாம். ராகம், தாளம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: எங்கே, எப்போது என்று கண்டுபிடியுங்கள்

இணையத்தில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. கோயில் நோட்டீஸைப் பாருங்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சள் தாளில் எல்லோரும் உபயதாரர் வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். நீங்கள் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் "மங்கள இசை", "பம்பை மேளம்", "தெருக்கூத்து" என்ற வரிகளைப் படியுங்கள். வாசிக்க வரும் செட்டின் (குழுவின்) ஊர் இருக்கும், பல நேரம் செல் நம்பரும் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

காலம் என்று பார்த்தால் ஆடிதான். கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு நடந்ததும் அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று பேட்டைக்குப் பேட்டை திருவிழா சூடு பிடித்துவிடும். நாயனம் (நாதஸ்வரம்தான்), பம்பை, உறுமி, பேண்டு செட்டு எல்லாம் ஒரே வாரத்தில் காதில் விழும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் நாளில் மொத்தக் கூட்டமும் வண்டிமேல் சாமி வேஷம் போட்டு நிற்பவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் வண்டியோடு நடந்து வரும் மேளத்தோடு சேர்ந்து நடங்கள். அங்கே இடித்துத் தள்ள ஆள் குறைவு.

நவராத்திரிக்கும் மார்கழிக்கும் கோயில்களில் பாட்டும் பஜனையும் இருக்கும். அறுவடை முடிந்த பிறகு எடப்பாடி, ஓமலூர், மேட்டூர் பக்கத்துக் கிராமங்களில் கூத்து. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. மலர்க்கண்காட்சிக்கு என்று போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கே நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளும் நடப்பது தெரியாது. அதே மாதத்தில்தான் மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். சுற்றியுள்ள மலைக்கிராமத்து மக்கள் திரண்டு வருவார்கள். அது அவர்கள் விழா, நாம் விருந்தாளி. கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்காமல் ஓரமாக இருந்து கேளுங்கள்.

படி 2: முதல் தடவைக்குச் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால், சாயங்காலம் கோயிலில் நடக்கும் நாயனத்தில் தொடங்குவேன். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து வரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூத்தை முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். பழக்கமில்லாதவர்கள் நடுராத்திரியில் தூங்கி விழுவார்கள், நல்ல கட்டம் எல்லாம் அதற்கப்புறம்தான் வரும். கூத்துக்குப் போகும் நாளில் மத்தியானம் தூங்கி எழுந்து, கையில் ஒரு போர்வையோடு போங்கள். ஊர்ப் பெரிசுகள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள்.

ஏற்காடு என்றால் திரும்புவதை முதலில் யோசியுங்கள். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. நிகழ்ச்சி முடிந்து இருட்டில், பனி மூட்டத்தில் பைக்கில் இறங்குவது வேண்டாத வேலை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேலேயே தங்கிவிடுங்கள். மே மாதமாக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சரியான இடத்தில் உட்காருங்கள்

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் உட்காராதீர்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம், ஆனால் காலி நாற்காலி எப்போதும் அங்கேதான் இருக்கும். நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக்கே தேவையில்லை. பக்கவாட்டில் பத்துப் பதினைந்தடி தள்ளி, வாசிப்பவர் கை தெரிகிற மாதிரி இருந்தால் போதும். பறை, உறுமி என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சத்தம் 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மெடிக்கலில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பேண்டு செட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

படி 4: எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். வாசிப்பதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தவில்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த அந்தக் கூடு கல் மாதிரி இருக்கும். மாட்டியதும் தவிலின் வலது பக்கமான வலந்தலையில் லேசாகத் தட்டிப் பார்ப்பார், சரியில்லை என்றால் கழற்றித் திருப்பி மாட்டுவார். இடது கையில் பூவரசங் கழி. நாயனக்காரர் அந்த நேரம் பேசவே மாட்டார், நாயனத்தின் நுனியில் மாட்டி ஊதும் சீவாளி வாயில் ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த சீவாளியில் சத்தம் சரியாக வராது. வாத்தியத்தின் கழுத்தில் ஒரு கயிற்றில் மாற்றுச் சீவாளிகளும் தொங்கும்.

வாசிக்கத் தொடங்கியதும் முதலில் ஒரு நாயனத்தை மட்டும் பின்தொடருங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் வாசிப்பார்கள். பெரியவர் ராகத்தை இழுத்துக்கொண்டு போகும்போது சின்னவர் அடியில் ஒரே சுரத்தில் நிற்பார், அப்புறம் அவர் எடுத்துக்கொள்வார், இவர் இறங்கிக்கொள்வார். இந்தக் கைமாற்றம் பிடிபட்டுவிட்டால் ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. சாமி புறப்படும்போது வார்த்தையே இல்லாமல் கம்பீரமாக ஒன்று வாசிப்பார்களே, அது மல்லாரி. ராகம் கம்பீர நாட்டை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் அடுத்த தடவை எந்தக் கோயிலில் கேட்டாலும் அடையாளம் தெரியும்.

பறை என்றால் தீயைப் பாருங்கள். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தொளதொளவென்று இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி 'ணங்' என்று ஏறுவது காதுக்கே தெரியும். உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போதுதான் அந்த உறுமல் வருகிறது. கூத்தில் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டிக் கீச்சென்று ஒன்று மேலே கேட்டால் அது முகவீணை; பெயரில் வீணை இருந்தாலும் ஊதுகிற வாத்தியம்.

கல்யாண வீட்டுக்கு ஒரு ரகசியம். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடும். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் மேளக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை நிதானமாக வாசிப்பார்கள். ஒரு பந்தி தள்ளிப் போனால் வடை தீர்ந்துவிடாது, போய் முன்னால் உட்காருங்கள். எதிரே ஒரு ஆள் கேட்கிறார் என்று தெரிந்தாலே வாசிப்பு மாறும். இதை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 5: போய்ப் பேசுங்கள்

முடிந்ததும் நேராகப் போய், "ஐயா, ரொம்ப நல்லா இருந்துச்சு. எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். இளம் வயதுக்காரர் என்றால் "அண்ணா" போதும். கூத்துக் குழுவை நடத்துபவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியவில்லையா? வாத்தியத்தைப் பற்றிக் கேளுங்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. "உங்க வாத்தியம் நரசிங்கம்பேட்டையாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், மீதியை அவரே பேசிக்கொள்வார். பெயர், ஊர், நம்பர் மூன்றையும் வாங்காமல் வராதீர்கள். "நாயனக்காரர்" என்று மட்டும் போனில் பதிந்து வைத்தால் அடுத்த வருஷம் யாரென்றே தெரியாது.

படி 6: காசு

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. கை தட்டுவது, ஸ்டேட்டஸ் வைப்பது எல்லாம் நல்லதுதான், ஆனால் அதில் பஸ் சார்ஜ்கூடத் தேறாது.

கூத்தில் அன்பளிப்பு கொடுக்க ஒரு முறை இருக்கிறது. பணத்தைக் கொடுத்துப் பெயரைச் சொன்னால், கோமாளியோ வாத்தியாரோ ஆட்டத்தின் நடுவில் மைக்கில் வாழ்த்திச் சொல்வார்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கோயிலிலும் கல்யாணத்திலும் தனியாகக் கொடுப்பதாக இருந்தால் நூறோ இருநூறோ வெற்றிலை பாக்கோடு அல்லது ஒரு கவரில் வைத்து, செட்டின் தலைவர் கையில் கொடுங்கள். வாசிக்கும்போது சட்டையில் குத்துவதும் தலைக்குமேல் நோட்டை ஆட்டுவதும் எனக்கு ஆகாது. சில இடங்களில் வழக்கம் என்கிறார்கள், இருந்தாலும். கையில் பணம் இல்லையென்றால் ஜிபே நம்பர் கேளுங்கள், இப்போது பம்பைக்காரரும் வைத்திருக்கிறார்.

கஃபேயில் யாராவது பாடினால் ஒரு டீயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள், கிளம்பும்போது முதலாளியிடம் "பாட்டுக்காகத்தான் வந்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த வாரமும் அந்தப் பையனைக் கூப்பிடலாமா என்பதை முடிவு செய்வது அவர்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி அடுத்த நிகழ்ச்சி. உங்கள் வீட்டுக் காதுகுத்து, புதுமனை புகுவிழா, கடை திறப்பு, பள்ளி ஆண்டு விழா எதுவாக இருந்தாலும் அந்த நம்பரை எடுத்துக் கூப்பிடுங்கள். ஈவென்ட் நடத்துபவர் மூலமாகப் போனால் நீங்கள் கொடுப்பது முழுசாக அவர்கள் கைக்குப் போகாது. நேரடியாகப் பேசும்போது எத்தனை பேர் வருவார்கள், வண்டிச் செலவு சேர்த்தா தனியா, எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டு அச்சாரம் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசத்தான் வேண்டுமென்றால் பந்தல்காரரிடம் பேசுங்கள்.

அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசிப் பந்தியில் மிச்சம் மீதியோடு உட்கார வைப்பது நம் கல்யாணங்களில் சகஜமாகிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கே வந்து ஊத வேண்டிய மனிதர் அவர். உட்கார ஜமுக்காளம், குடிக்கத் தண்ணீர், உடை மாற்ற ஒரு அறை, அழைப்பிதழில் பெயர். மீதிப் பணத்தை முடிந்த கையோடு கொடுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம்.

படி 7: வீடியோ எடுப்பதாக இருந்தால்

கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு பாட்டு போதும். போனைப் படுக்க வைத்துப் பிடியுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். போடும்போது பெயர், ஊர், அவர் சம்மதித்தால் நம்பர், மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். "வேற லெவல் அடி" என்று தலைப்புப் போட்டு லட்சம் பேர் பார்த்தாலும், அடித்தவர் யாரென்று தெரியாவிட்டால் யார் கூப்பிடப் போகிறார்கள்?

படி 8: பழகிய பிறகு

மொட்டை மாடியில் முப்பது பேரைக் கூட்டி ஒரு சின்னக் கச்சேரி வைக்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து முழுவதையும் கலைஞரிடம் கொடுத்துவிடுங்கள். மைக் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. அந்த அளவு கூட்டத்துக்கு மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துவிட்டால் புகாரும் வராது.

நாட்டுப்புறக் கலைஞர் யாராவது நெருக்கமாகிவிட்டால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்துக்கு ஒருநாள் கூடப் போய்வருவதும் உங்களுக்கு அரை நாள் வேலை.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டால் சேலத்திலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் ஆகியவற்றை மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள், கட்டணமும் குறைவு. பாட்டுக்கும் பரதத்துக்கும்தான் பெற்றோர் முதலில் போவார்கள். தவிலையும் ஒரு தடவை பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.