வாரண்டியில எஞ்சின் மாத்தணுமா? ஜாப் கார்டுல இருந்து ஆரம்பிங்க

என் கார் வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு, காலையில ஸ்டார்ட் பண்ணா டக்டக்னு சத்தம் வேற. கடைசியில எஞ்சினையே மாத்திக் குடுத்தாங்க. டிப்ஸ்டிக் (ஆயில் லெவல் பார்க்கிற கம்பி) பார்க்கத் தெரியும்னு வச்சுக்கிட்டு மத்ததை சொல்றேன்.

முதல்ல, ஆயில் பிரஷர் சிவப்பு லைட் எரிஞ்சா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க, டோ பண்ணித்தான் கொண்டு போகணும். லைட் எரிஞ்ச பிறகும் ஓட்டினீங்கன்னா "நீங்கதான் கெடுத்தீங்க"ன்னு கிளெய்மை தள்ளிவிட ஒரு காரணம் கிடைச்சிடும்.

அடுத்து ஆதாரம். சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து, ஆயில் மேல ஏறினதும் அடங்கிடும், சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்றதுக்குள்ள சூடாகி நல்ல பிள்ளையாயிடும். அதனால முதல் நாள் ராத்திரியே வண்டியை அங்க விட்டுட்டு வாங்க. ஓடோமீட்டரைக் காட்டிட்டு, கட் பண்ணாம அப்படியே பானெட் பக்கம் போய், வேற ஆளை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி வீடியோ எடுங்க. சைலன்சர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்து கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் மேல (எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) சந்தேகப்படலாம்.

செக் எஞ்சின் லைட் வந்தா ஸ்கேனர் மாட்டி எரர் கோட் என்னன்னு படிச்சு போட்டோ எடுங்க, அழிக்காதீங்க. பி0301ன்னா முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியா எரியாம போறது), பி0300ன்னா குறிப்பிட்ட சிலிண்டர்னு இல்லாத மிஸ்ஃபயர். அழிச்சா அந்த நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும். எனக்கு போன்ல கோட் காட்டுற ப்ளூடூத் டாங்கிள் பிடிக்காது, பாதியில கனெக்‌ஷன் விடும், வயர் வச்ச சின்ன ஸ்கேனர்தான் என் ஓட்டு.

இப்ப ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்க புகாரை சர்வீஸ் சென்டர்ல எழுதுற தாள். என்னை ரொம்ப நாள் அலைய விட்டது இதுதான். அட்வைசர் "ஜெனரல் செக்கப்"னு எழுதிட்டு கையெழுத்து கேட்பார், போடாதீங்க. "குளிர்ந்த ஸ்டார்ட்ல தட்டுற சத்தம், சர்வீஸுக்கு நடுவுல ஆயில் குறையுது"ன்னு நீங்க சொன்ன வார்த்தையிலேயே, கிலோமீட்டரோட, தேதியோட இருக்கணும். "பிரச்சினை எதுவும் இல்லை"ன்னு திருப்பி அனுப்பினாலும் காப்பி வாங்கிக்கோங்க, ஏன்னா வாரண்டி முடிஞ்ச பிறகு பெரிசா போச்சுன்னா, அப்பவே புகார் சொன்னேன்னு காட்ட கையில இருக்கிறது அந்தத் தாள்தான்.

ஆயில் டெஸ்ட் வைப்பாங்க: மார்க் வரைக்கும் நிரப்பி, சீல் வச்சு அனுப்பி, இத்தனை கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னு சொல்லி அளப்பாங்க. நடுவுல நீங்களா ஊத்தாதீங்க, லெவல் ரொம்ப இறங்கினா அவங்களுக்கே போன் பண்ணுங்க. கம்ப்ரஷன் டெஸ்ட்ல (சிலிண்டருக்குள்ள அழுத்தம் அளக்கிறது) ஒவ்வொரு சிலிண்டர் நம்பரையும் எழுதி வாங்குங்க.

எஞ்சினைப் பிரிக்க சம்மதம் கேட்டா, வாரண்டி கிடைக்கலேன்னா பிரிச்ச கூலி யார் தலையிலன்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

கிளெய்ம் ஓகே ஆயிட்டா, ஷார்ட் பிளாக்கா (சிலிண்டர், பிஸ்டன் இருக்கிற கீழ்ப்பகுதி மட்டும்), லாங் பிளாக்கா (அதோட ஹெட்டும் சேர்த்து), முழு எஞ்சினான்னு கேளுங்க. ஷார்ட் பிளாக்னா ஹெட் பழசுதான் திரும்ப வரும். புதுசா, ரீமேனுஃபேக்சர் பண்ணதா (பழசைப் பிரிச்சு புதுப்பிச்சது), அதுக்கு வாரண்டி எவ்வளவுன்னும் எழுத்துல வாங்குங்க.

அப்டேட்: நிறைய பேர் மாட்டிக்கிறது எஞ்சின் நம்பர்ல. நம்பர் மாறியிருந்தா வண்டி பதிவுலயும் இன்சூரன்ஸ்லயும் மாத்தணுமான்னு பாருங்க, அதுக்கான லெட்டரை டெலிவரி அன்னைக்கே வாங்கிடுங்க.

இன்னொண்ணு, வெளியில ஆயில் மாத்தினவங்க பில்லுல கிரேடும் கிலோமீட்டரும் இருக்கான்னு பாருங்க. வெறும் "ஆயில் சேஞ்ச்"னு மட்டும் இருந்தா சர்வீஸ் சென்டர்ல ஏத்துக்காம போகலாம், ஆயில் போட்ட இடத்துலயே எழுதித் தரச் சொல்லுங்க.